இருநூறு கிராம்

மகளுடைய பயணப்பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கியதும் தொங்கு தராசின் முள் ஒரு துள்ளு துள்ளி, இப்படியும் அப்படியும் ஆடி, இருபத்திரண்டு கிலோ எண்ணூறில் வந்து நின்றது.

"எவ்வளவுப்பா?"

தராசுக்காரர் உடனே வாயைத் திறக்கவில்லை. பெட்டியை இறக்கி, மறுபடி மாட்டி, மறுபடி இறக்கி, மூன்றாம் முறையும் தூக்கிப் பார்த்தார். மூன்று முறை பார்க்காமல் அவர் வாயிலிருந்து ஒரு எண் வெளியே வராது. தராசு ரிப்பேர் செய்யும் தொழிலில் முப்பத்தைந்து வருஷமாக ஊறிய பழக்கம் அது.

"இருபத்திரண்டு எண்ணூறு."

"இருபத்து மூணு வரைக்கும் விடுவாங்க. இன்னும் இருநூறு கிராம் இடம் இருக்கு" என்றாள் மகள், ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி. "என்ன வைக்கலாம்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு விமானம். வேறொரு நாட்டில் வேலை, குறைந்தது இரண்டு வருஷம். ஆனால் இருநூறு கிராம் என்றதும் தராசுக்காரரின் கை, பழக்கப்பட்ட நாய்க்குட்டி மாதிரி தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்தது.

அப்போது இந்தப் பெட்டிக்காரிக்கு ஒரு வயது எட்டு மாதம். அப்பா வைத்த பெயர் எலிக்குட்டி. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு அவள் டியூட்டிக்குப் போய்விட்டால், நாலரை மணி வரை எலிக்குட்டிக்கு வீடும் உலகமும் அப்பாவின் கடைதான்.

ஒற்றை அறைக் கடை. சுவர் முழுக்க ஸ்பிரிங்குகளும் முட்களும் தொங்கும். கிரீஸ் வாசனையும் பால் வாசனையும் ஒன்றாகக் கலந்திருக்கும். பெரிய மேடைத் தராசு ஒன்று மூலையில் கிடந்தது. எலிக்குட்டி அதன்மேல் ஏறி நின்று குதிப்பாள். முள் பதறிக்கொண்டு ஓடும். "ஓடுது, ஓடுது" என்று கைதட்டுவாள். அவள் இறங்கியதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதைப் பார்த்து அவளுக்கு முகம் சுருங்கிவிடும். உடனே மறுபடி ஏறுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இந்த நாடகம் நடக்கும்.

ரிப்பேர் முடிந்த தராசைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவள் அப்பாவின் தோளில் இருப்பாள். அவருடைய இரண்டு காதுகளும் அவளுக்கு ஸ்டியரிங். இடது காதைத் திருகினால் இடது பக்கம் போக வேண்டும். தெருவில் பழக்கடைக்காரர் கேட்பார்: "என்ன மாஸ்டர், இன்னைக்கு டிரைவர் ரொம்ப வேகமா ஓட்டுறாங்க போலிருக்கு?" "லைசென்ஸ் இல்லாத டிரைவர்ங்க. நாமதான் பாத்து ஒதுங்கணும்" என்பார் இவர்.

மதியம் அவள் அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவாள். விரலை உருவினால் விழித்துக்கொள்வாள். அதனால் இடது கையை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையால் திருகாணி முடுக்கக் கற்றுக்கொண்டார் மனிதர். இன்றைக்கும் அவருக்கு இடது கை வேலையில் கொஞ்சம் சோம்பேறிதான்.

இவ்வளவு ஆனந்தத்துக்கு நடுவில் ஒரு முள் மட்டும் நகர மறுத்தது. எட்டு கிலோ எண்ணூறு. இரண்டு மாதமாக எலிக்குட்டி அதிலேயே நின்றாள்.

"நான் தினமும் நூறு குழந்தைகளைப் பாக்கறேன். என் குழந்தையைப் பாத்தாத்தான் வயித்தக் கலக்குது" என்றாள் மனைவி ஒருநாள். "கிரீஸும் தூசியுமா இருக்கிற கடையில பிள்ளை எப்படிங்க தேறும்? ஆஸ்பத்திரி பக்கத்துல குழந்தைங்க காப்பகம் இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். மாசக் கடைசிக்குள்ள ஒன்பது வரலேன்னா சேத்துடலாம்."

"ஒன்பதுதானே? வந்துடும்."

"வரலேன்னா?"

அவர் தோளில் ஆள் இல்லாமல் தெருவில் நடப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். காது இரண்டும் வெறிச்சோடிப்போன மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து போர் தொடங்கியது. சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சின்னத் தராசின் தட்டில் வைப்பார். முள் முன்னூறைக் காட்டும். எலிக்குட்டி ஒரு வாய் வாங்கினால் முள் கொஞ்சம் இறங்கும். "பாத்தியா, முள்ளுக்குப் பயம் வந்துடுச்சு" என்பார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் வாங்குவாள். பிறகு ஓடிவிடுவாள். அவர் கிண்ணத்தோடு காத்திருப்பார். ஸ்பிரிங்கை இழுப்பாள், திருகாணியைப் பொறுக்குவாள், வாசலில் போகும் பூனையை விசாரிப்பாள், திரும்பி வந்து வாயைத் திறப்பாள். முக்கால் மணி நேரம் ஆகும் ஒரு கிண்ணம் முடிய. கடைக்கு வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தபோது, ஒரு குளிரான மாலையில், தடித்த கவுனோடு எலிக்குட்டியை மேடைத் தராசில் நிற்க வைத்தார். மகளின் ஒவ்வொரு உடுப்பின் எடையும் அவருக்கு மனப்பாடம். அந்தக் கவுன் நூற்றைம்பது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒன்பது கிலோ.

அவர் தன் கண்ணை நம்பவில்லை. தராசைத்தான் சந்தேகப்பட்டார். மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைத் துடைத்தார். ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. மகளை மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் ஒன்பது. அத்தனையையும் சந்தேகப்பட்ட மனிதர், தராசின்மேல் நின்று சிரித்த ஆளை மட்டும் சந்தேகப்படவில்லை.

கடையைப் பூட்டும் முன் எடைக்கல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழியிலும் கல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார்.

டியூட்டியிலிருந்து அப்போதுதான் வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. செய்தியைக் கேட்டதும் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நாளைக்கே காப்பகத்துல வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். அவள் அப்படி மனம் விட்டு அழுது அவர் பார்த்ததில்லை. பெற்றவள் மனதில் எத்தனை நாள் பாரமோ.

குழந்தைக்கு உடை மாற்றப் போனவர்தான் அதைப் பார்த்தார். கவுனின் முன்பையில், பாதி கடித்த பிஸ்கட்டோடு சேர்ந்து, பளபளவென்று ஒரு பித்தளை எடைக்கல். இருநூறு கிராம்.

சமையலறையில் மனைவி மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் கேட்காத குரல். அவர் கல்லைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நூறு கிலோ மூட்டையை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி வைக்கும் தோள் அவருடையது. ஆனால் அடுத்த இரண்டு நாள் அந்த இருநூறு கிராமைச் சுமக்க அவரால் முடியவில்லை.  எலிக்குட்டி காதைத் திருகினால்கூட எந்தப் பக்கம் திரும்புவது என்று மறந்துபோனது.

மூன்றாம் நாள் ஒரு மளிகைக்கடைக்காரர் தராசோடு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாஸ்டர், ஒரு இருபது கிராம் கூடக் காட்டுற மாதிரி வச்சுக் குடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எடுத்துட்டுப் போங்கய்யா வெளிய. இல்லாத எடையைக் காட்டுறவன் கையால நான் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று சீறினார் தராசுக்காரர்.

கடைக்காரர் போய்விட்டார். சொன்ன வார்த்தை மட்டும் போகவில்லை. கடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சொன்னவரின் சட்டைப்பையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை மனைவி வந்ததும் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "உன் பொண்ணு ஒன்பது இல்ல. எட்டு எண்ணூறுதான். இது அவ பாக்கெட்ல இருந்துச்சு."

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே."

"ரெண்டு நாளா நான் சிரிச்சிட்டுத் திரிஞ்சேன். பாத்துட்டு இருந்தீங்க இல்ல?"

"உன் சிரிப்பையும் விட முடியல. இவளையும் விட முடியல" என்றார். 

அவள் கத்தியிருந்தால் தேவலை. கல்லை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை யூனிஃபார்ம் போடாமல் வந்து நின்றாள். "லீவு சொல்லிட்டேன். கடைக்கு நானும் வரேன். என்னதான் நடக்குதுன்னு பாக்கறேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி முக்காலியில் உட்கார்ந்தாள். கிண்ணம் தட்டில் ஏறியது. முள்ளுக்குப் பயம் வந்தது. ஒரு வாய், ஓட்டம். இரண்டு வாய், பூனை விசாரணை. அவர் கிண்ணத்தோடு காத்திருந்தார். கடை வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கடைசி வாய்க்கு எலிக்குட்டி அவர் மடியில் ஏறி, கிண்ணத்தைத் தானே எட்டிப்பார்த்து, "காலி" என்று இரண்டு கையையும் விரித்தாள்.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐம்பது நிமிஷம்."

"நேத்து நாற்பத்தஞ்சுதான். இன்னைக்கு உன்னப் பாத்து கொஞ்சம் பிகு பண்றா."

"காப்பகத்துல ஒரு ஆயாவுக்குப் பன்னெண்டு பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்கு ஐம்பது நிமிஷம் யாரு உக்காந்திருப்பா?" என்றாள் அவள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "இங்கேயே இருக்கட்டும். எடை வர்றப்ப வரட்டும். ஆனா ஒண்ணு, இனிமே இவளை நிறுத்தறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணுங்க."

எலிக்குட்டிக்கு ஒன்பது கிலோ வர இன்னும் மூன்று மாதம் ஆனது. வந்த அன்று யாரும் அழவில்லை. அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கப் போகும் அவசரத்தில் இருந்தார்கள்.

"அப்பா, தூங்கிட்டீங்களா நின்னுக்கிட்டே? இதைப் புடிங்க" என்று மகள் தராசை நீட்டினாள். "நான் துணியெல்லாம் ஒருதரம் மாத்தி அடுக்கினேன். மறுபடி பாருங்க."

அவள் உள்ளே போய்வந்த இடைவெளியில் அவர் ஒரு வேலை செய்திருந்தார். இப்போது ஒன்றும் தெரியாதவர் போலப் பெட்டியைத் தூக்கினார். முள் ஆடி நின்றது. மூன்று முறையும் சரியாக இருபத்து மூன்று.

"எப்படிப்பா? நான் எதுவுமே புதுசா வைக்கலையே. உங்க தராசு கெட்டுப்போச்சு."

அம்மா அறைவாசலில் வந்து நின்றாள். மேஜைமேல் அவர் கடையிலிருந்து கொண்டுவந்த எடைக்கல் பெட்டி திறந்து கிடந்தது. அதில் ஒரு குழி காலியாக இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"தராசெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "பாக்கெட்டைப் பாருடி."

பெட்டியின் முன்பையை மகள் திறந்தாள். பழைய துணித்துண்டில் சுற்றிய பித்தளைக் கல் கைக்கு வந்தது.

"இது எதுக்கும்மா?"

"உன்னோடதுதான். இவ்வளவு நாளா உங்கப்பா பத்திரமா வச்சிருந்தார். உக்காரு, சொல்றேன்."

தராசுக்காரர் எடைக்கல் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். பழக்கடைக்காரரின் தராசை அன்றைக்குள் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். இருநூறு கிராம் கல் இல்லை. பரவாயில்லை, நூறு ஒன்றையும் ஐம்பது இரண்டையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் இறங்கியதும் பின்னால் வீட்டுக்குள் மகள் சிரிப்பது கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது.

ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. இடது காதை யாரோ மெல்லத் திருகினார்கள்.

அவர் இடது பக்கம் திரும்பினார்.