ஐஸ்கிரீமுக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்பளி இருக்கிறது. கொடைக்கானல் போனபோது வாங்கியது. மதுரையில் அதற்கு வேலை கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை வைத்து மடித்து, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். இந்தச் சித்திரையில் அதை எடுத்து ஐஸ்கிரீமுக்குப் போர்த்தினேன்.

என் மனைவி கே.கே. நகரில் எங்கள் வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்து விற்கிறாள். பனங்கற்கண்டுப் பால் ஐஸ்கிரீம் அவளுடைய கைப்பக்குவம். இந்தச் சித்திரைக்கு முன் அது அக்கம்பக்கத்து வீடுகளையும் பிறந்தநாள் விழாக்களையும் தாண்டிப் போனதில்லை. திருமங்கலத்தில் அவளுடைய அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத்தான் முதன்முதலாக ஒரு முழு விருந்துக்குச் செய்தாள். அங்கே சமைக்க வந்த மாஸ்டர் கல்யாணங்களை மொத்தமாக எடுத்துச் செய்பவர். "ருசியா இருந்து, இலைக்கு ஒழுங்கா வந்து சேர்ந்துச்சுன்னா இனி என் பந்திக்கெல்லாம் உங்ககிட்டயே வாங்கிக்கிறேன் தங்கச்சி" என்று போனில் சொல்லியிருந்தார். ருசியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வந்து சேருவதைப் பற்றித்தான் கவலை. எங்கள் காரில் ஏ.சி. வேலை செய்யாது.

உருகாமல் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு என்றேன். பெரிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாக்களை அடுக்கி, சுற்றிலும் உடைத்த ஐஸ் கட்டிகளை நிரப்பி, கல்லுப்பைத் தூவினேன்.

"ஐஸ்ல உப்பைக் கொட்டுறீங்களே, அது உருகிராது?"

"உருகணும். அதுக்குத்தான் போடுறேன்."

"வெளங்கிரும்" என்றாள்.

அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். ஐஸின் மேற்பரப்பை ஒரு பந்தியாக நினைத்துக்கொள்ளலாம். நீர்த்துகள்கள் கைகோத்து வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சில எழுந்து போகும், சில வந்து உட்காரும். பூஜ்ஜியம் டிகிரியில் எழுபவையும் உட்காருபவையும் சமம். வெப்பம் ஏறினால் எழுபவை கூடிவிடும். அதைத்தான் உருகுவது என்கிறோம். உப்பு என்பது பந்தி வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கதை பேசும் சொந்தக்காரர். எழுந்து போகிறவர்களை அவர் ஒன்றும் செய்வதில்லை. உட்கார வருகிறவர்கள்தான் அவரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் வரிசை கரைந்துகொண்டே போகும். ஆனால் கோத்த கையை விடுவித்துக்கொண்டு எழ ஒவ்வொரு துகளுக்கும் வெப்பம் வேண்டும். அதைப் பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். பக்கத்தில் இருப்பது ஐஸ்கிரீம் டப்பா. ஆக, உப்புப் போட்ட ஐஸ் உருக உருக டப்பாவின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே நிற்கும்.

அவள் முழுவதையும் கேட்டாள். "கதை பேசுற சொந்தக்காரர்னு எங்க மச்சானைத்தான சொல்றீங்க?"

அவளுடைய மச்சான் என்றால் அக்காவின் கணவர், என் சகலை, அன்றைய விழாவின் வீட்டுக்காரர். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்தேன்.

"இந்த வெயில்ல கம்பளியா? உள்ள வெந்துராது?"

கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது ஒரு வாட்ச்மேன். நம்மைப் போர்த்தினால் நம் சூட்டை வெளியே விடாது, ஐஸைப் போர்த்தினால் வெளிச் சூட்டை உள்ளே விடாது. இதையும் சொன்னேன். அவள் காரில் ஏறி, வழிநெடுகப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

திருமங்கலத்தில் பெட்டியை இறக்கும்போது சகலை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சகலை, பிள்ளைக்குக் குளுருதா? போத்திக் கூட்டியாந்திருக்கீங்க?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் மூடியைச் சற்றுத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த தெர்மாமீட்டரைச் செருகினேன்.

"காய்ச்சல் எம்புட்டு?"

"மைனஸ் பதினாறு."

"அடடா, அப்ப ஆளு போயிருச்சுன்னு சொல்லுங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு மச்சான் இது?" என்று என் மனைவி அதட்டினாள்.

"கோவிக்காத கொழுந்தியா. உன் வீட்டுக்காரரு ஐஸ் வைக்கிறதுல பழைய கை. கல்யாணம் ஆன நாள்லருந்து உனக்கு வச்சுக்கிட்டுத்தான இருக்காரு!"

பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கும் வருத்தமில்லை. மைனஸ் பதினாறு என்பது நான் எதிர்பார்த்ததைவிட நல்ல எண்.

முதல் பந்தியில் பாயசம் முடிந்து, ஐஸ்கிரீம் வரவேண்டிய நேரம் வந்தது. மனைவி ஒரு டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டாள். கரண்டி வளைந்தது. சமையல்கட்டில் இருந்து வேறொரு கரண்டி வந்தது. அதுவும் வளைந்தது. எங்கள் ஃப்ரீசரில் இருந்து எடுத்தபோது எப்படிக் கல்லாக இருந்ததோ, அப்படியே இருந்தது. கொஞ்சம் இளகினால்தான் அள்ள முடியும் என்பது என் கணக்கில் சேரவில்லை.

மாஸ்டர் சமையல்கட்டு வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "உருகாமக் கொண்டாறேன்னு சொன்னீங்க. இப்ப உருகச் சொல்லுங்க."

கம்பளியை உருவினேன். ஃபேனைத் திருப்பினேன். வெயிலில் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் ஓரம் தண்ணீராகும், நடு கல்லாகவே இருக்கும். ஊரே உருகுகிற மதியத்தில், ஐஸ்கிரீம் எப்போது உருகும் என்று ஒரு டப்பாவைச் சுற்றி நின்றோம்.

சகலை எட்டிப் பார்த்தார். "இதுக்குக் கரண்டி ஆகாது கொழுந்தியா. அருவாளைத்தான் எடுக்கணும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எரிச்சலில் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மாஸ்டர்ணே, அருவாமனை எங்க இருக்கு? ஒரு அண்டாவுல சுடுதண்ணியும் வேணும். மச்சான், நீங்க போய்ப் பந்தியில யாரையும் எந்திரிக்க விடாமப் பாத்துக்கங்க."

அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை. இலை இலையாக நின்று, நிலம் வாங்கியதிலிருந்து கதையைத் தொடங்கினார். உப்பு, உட்கார வருகிறவர்களைத் தடுக்கும். இவர் எழப்போகிறவர்களைத் தடுத்தார். இந்த வித்தியாசத்தை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை.

அவள் டப்பாவைச் சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தாள். முழுக்கட்டியும் நழுவி விழுந்தது. அரிவாள்மனையின் அலகில் சுடுதண்ணீர் ஊற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பூசணிக் கீற்றுப் போலத் துண்டு போட்டாள். அலகின் சூடு பட்ட இடம் மட்டும் உருகி வழிவிட்டது. கீற்று கப்பில் அடங்காததால் இலையிலேயே வைத்தோம். சாம்பார் ஓடிய இலையில் அது கோணாமல் நின்றது. "இதென்ன, பால்கோவாவா?" என்று ஒருவர் கேட்டார். வாயில் போட்ட பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிப் பந்தி முடிந்ததும் மாஸ்டர் ஒரு கீற்றை நின்றபடியே தின்றார். மனைவி கையைத் துடைப்பதுபோல முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கப்புல குடுக்குறதெல்லாம் நான் திரும்புறதுக்குள்ள தண்ணியாப் போகும். இது இலையில நிக்குது தங்கச்சி. வைகாசியில ரெண்டு கல்யாணம் இருக்கு. இதே மாதிரி வெட்டித் தரணும்."

"தாரேன்ணே."

"அந்தக் கம்பளியும் வரணும். சனம் பாக்கட்டும்."

"கம்பளிக்குத் தனி ரேட்டுண்ணே" என்றாள்.

பெட்டியில் மிச்சமிருந்த உப்புத் தண்ணீரைக் கொட்ட இடமில்லை. புதிதாக நட்ட வாழைக்கு ஆகாது என்று சகலை விரட்டிவிட்டார். அதனால் அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அரிவாள்மனையில் வெகுநேரம் வேலை செய்து அவளுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் கைக்குட்டையை இன்னும் சில்லென்றிருந்த அந்தத் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டேன்.

"ஐஸ் வைக்காதீங்க" என்றாள். ஆனால் அவிழ்க்கவில்லை.