பின்பக்கமாக நடந்த மந்திரவாதி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது பெயர் கேட்டாலே பக்கத்தில் இருப்பவரைத்தான் சொல்லச் சொல்வேன். வாயால் சொல்ல வராததைக் கையாலாவது சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு பழைய சினிமாப் படம். அதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அது வேறு வேறு படமாக இருந்தது.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு எட்டு வயது. அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று அம்மாவும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு பகல் ஆட்டத்துக்குப் போனார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷன் இறந்த பிறகு எங்களோடேயே இருந்தாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

அது மந்திரவாதிப் படம். குகையில் இருக்கும் ஒரு மந்திரவாதிக்குச் சாகாமல் இருக்க ராணியின் தலைச்சன் பிள்ளை வேண்டும். கையில் புகையும் சட்டியோடு அரண்மனைக்குள் வருகிறான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் மந்திரக்கோலை வைக்கிறான். காலில் இருந்து சாம்பல் நிறம் ஏறுகிறது. முட்டி, வயிறு, மார்பு, கடைசியில் முகம். கோலை எடுக்கும்போது குழந்தை கல். ராணி ஓடிவந்து அதை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அவள் கண்ணீர் ஒரு சொட்டு கல்லுக் கன்னத்தில் விழுந்து அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் நான் விரல் சந்து வழியாகத்தான் பார்த்தேன்.

ராஜா குதிரை ஏறி மந்திரவாதியைத் தேடிப் புறப்பட்டதும் எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தியேட்டரில் பகல் ஆட்டம் முடிய ஐந்தே முக்கால் ஆகும். எங்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் கச்சிராயபாளையத்தில் இறங்கி, அணைக்கட்டைத் தாண்டி நடக்க வேண்டும். அதனால் கோமுகி அணைக்கு அந்தப்புறம் இருப்பவர்கள் யாரும் அங்கே ஒரு படத்தின் முடிவையும் பார்த்தது கிடையாது. சண்டை ஆரம்பித்தால் எழுந்துவிடுவது வழக்கம். கெட்டவன் சாகப்போகிறான், அதற்கு எதற்கு உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"செத்த இருங்க. புள்ள எழுந்துக்குதான்னு பாத்துட்டு வந்துடறன்" என்றாள்.

அத்தை சீட்டுப் பிடிக்க முன்னால் போய்விட்டாள். எனக்கு அந்த இருட்டில் எங்களை விட்டுவிட்டுப் பஸ் போய்விடும் என்று பயம். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸு போயிடும்மா, பஸ்ஸு போயிடும்மா என்று அழுதேன். கடைசியில் அவள் எழுந்தாள். கதவு வரைக்கும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தபடியேதான் வந்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி பிறந்தான். ஒரு தடவை அழுதானாம். அதோடு சரி. என்னிடம் யாரும் காட்டவில்லை. அப்பா ஒரு துணிச் சுருணையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனதை மட்டும் பார்த்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை ஒரே வார்த்தையைச் சொன்னாள். "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு கல்லுப் புள்ளைய பாத்தா வேற இன்னா ஆவும்?" தானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை அவள் சொல்வதில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அடுத்த வருடம் பொங்கல் சமயத்தில் அம்மாவுக்கு மறுபடியும் எட்டு மாதம். வீட்டில் எல்லாரும் கண்ணாடிச் சாமானைக் கையில் வைத்திருப்பது போல நடந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, கச்சிராயபாளையம் தகரக் கொட்டகையில் அதே படம் பொங்கலுக்குப் போடுகிறார்கள் என்று விளம்பரத் தட்டி கட்டிய வண்டி மேளம் அடித்துக்கொண்டு எங்கள் தெருவில் வந்தது. அந்தக் கொட்டகையில் மெஷின் ஓட்டுகிறவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இருபத்து நாலு வயது இருக்கும்.

அம்மா அப்பாவிடம், அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அத்தை ஆடிப்போய்விட்டாள். எங்கள் பக்கம் கூத்து நடக்கும்போது பலி கொடுக்கும் கட்டம் வந்தால், முழுகாமல் இருக்கிற பெண்களைப் பெயர் சொல்லி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூத்துக்கே அப்படி, பட்டும் திருந்தவில்லையா என்று அத்தை சத்தம் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களோ, எட்டு மாசக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொன்னால் அது பிள்ளையைத்தான் தாக்கும் என்றார்கள். இரண்டும் எங்கள் ஊர் வழக்கம்தான். அப்பாவுக்கு உடனே கரும்புக் கொல்லையில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் பெண்கள் பேச்சு முற்றினால் அவருக்கு எப்போதும் அப்படி வரும்.

மறுநாள் படத்துக்குப் போவது என்று ஆனதும், மாட்டுப் பொங்கல் அன்று அத்தை என்னை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் கூப்பிட்டாள். மாமாவுக்குப் பொங்கல் கொடுத்துவிட்டு வா என்று தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்து, காதோடு சொன்னாள். பிள்ளை கல்லாகும் இடத்தை உன் மாமனை வெட்டிவிடச் சொல். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இந்தப் பிள்ளையும் போய்விடும்.

வழியெல்லாம் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு ஒன்பது வயது. ஒரு தம்பியோ தங்கையோ பிழைப்பது என் வாயில் இருக்கிறது என்று நம்பினேன்.

மெஷின் ரூமுக்கு ஒரு ஆள் ஏறும் அளவில் இரும்புப் படி. உள்ளே அனலும் கரி வாசனையும். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். மாமா தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை.

"உங்கம்மா இன்னாத்துக்கு இந்தப் படத்தப் பாக்கணும்னு சொல்லுது?" என்று கேட்டார்.

"முடிவு பாக்கணுமாம் மாமா. அன்னிக்கு பஸ்ஸுக்கு வந்துட்டோம்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "அத மட்டும் வெட்னா பத்தாது பாப்பா" என்றார். வெட்டும் நீளத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

காணும் பொங்கல் அன்று பகல் ஆட்டத்துக்கு மாட்டு வண்டியில் போனோம். கல்வராயன் மலையில் இருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்திருந்தார்கள். தகரக் கொட்டகை நிரம்பிவிட்டது. பெண்கள் பக்கத்தில் அம்மா நடுவில், அத்தை ஒருபுறம், நான் ஒருபுறம். படம் ஓட ஓட, மெஷின் ரூமில் இருந்து வெளிச்சம் வரும் துவாரத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமா வெட்டினாரா, மறந்துவிட்டாரா? ராணிக்குப் பிள்ளை பிறந்தது. தொட்டில் பாட்டு முடிந்தது. குகையில் விளக்கு அணைந்தது. புகைச் சட்டியோடு அவன் அரண்மனைக்குள் வந்தான். நான் அம்மாவின் கண்ணைப் பொத்துவதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். கோலை ஓங்கினான்.

திரை பளிச்சென்று வெளுத்தது. அடுத்த நொடி ராஜா குதிரையில் போய்க்கொண்டு இருந்தார்.

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. யோவ் ஆப்பரேட்டரு, கத்திரிய கீழ வையி என்று ஒருவன் கத்தினான். அத்தை பெருமூச்சு விட்டு வெற்றிலைப் பையைத் திறந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மந்திரவாதி செத்தான். அவன் விழுந்ததும் விழாததுமாகப் படம் முடிந்தது என்று எழுத்து வந்துவிட்டது. கதவைத் திறந்தார்கள். ஜனங்கள் மாமாவைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். அம்மா அசையவில்லை. அத்தை, எழுந்திரு போகலாம் என்றாள்.

"வண்டி நம்ம வண்டிதான். எங்கயும் போயிடாது" என்றாள் அம்மா.

பிறகு எழுந்து நேராக மெஷின் ரூம் படியில் ஏறினாள். எட்டு மாத வயிற்றோடு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக. அத்தை கீழே நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே ஏறினேன், விழுந்தால் பிடிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டு.

"வெட்னத எடு" என்றாள் அம்மா.

"அது வேணாம்க்கா."

"கல்லானத நான் போன வருசமே பாத்தாச்சிடா. அது இன்னா எனக்குப் புதுசா? எழுந்துச்சா இல்லியா, அதான் பாக்கல. அதுக்குத்தான் வந்தன்."

மாமா தன் காலடியில் இருந்த துருப்பிடித்த டப்பாவைப் பார்த்தார். அதில் இரண்டு பிலிம் சுருள்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"எழுந்துச்சிக்கா" என்றார்.

"வாயால சொல்லாத. காட்டு."

"கீழ போயி உக்காருங்க. செத்த நேரமாவும்."

அடுத்த ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. கதவுகளைச் சாத்தச் சொன்னார். காலிக் கொட்டகையில் வேர்க்கடலைத் தொலிக்கு நடுவே நாங்கள் மூன்று பேர். மேலே இரும்பு சாமான் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை, வேண்டாம் வா என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு அவளும் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

துவாரத்தில் வெளிச்சம் வந்தது. சத்தம் இல்லை. ராணியின் மடியில் கல்லுக் குழந்தை. அதன் கன்னத்தில் நின்ற கண்ணீர்ச் சொட்டு மெல்ல மேலே எழும்பி ராணியின் கண்ணுக்குள் போனது. ராணி குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு அங்கிருந்து போய்விட்டாள். தொட்டிலில் கிடந்த குழந்தையின் நெற்றியில் மந்திரவாதியே வந்து கோலை வைத்தான். முகத்தில் இருந்த சாம்பல் நிறம் இறங்கியது. மார்பு, வயிறு, முட்டி, பாதம். கோலை எடுத்தான். குழந்தை காலை உதைத்தது. புகையெல்லாம் சட்டிக்குள் திரும்பிப் போனது. அவன் எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதவுக்கு வெளியே போனான். திரை வெளுத்துவிட்டது.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள்.

அம்மா தலையை நிமிர்த்தித் துவாரத்தைப் பார்த்துக் கேட்டாள். "சத்தம் ஏன்டா வரல?"

மேலே இருந்து மாமாவின் குரல் வந்தது. "அந்த எடத்துல சத்தம் கெடையாதுக்கா."

"சரி" என்றாள் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து எழுந்தாள். வண்டி ஏறும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

மாசி மாதம் தம்பி பிறந்தான். தெருவே எழுந்து உட்காரும்படி அழுதான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அந்தப் படத்தில் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பல பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் என் மகள் தன் போனில் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். குழந்தை எழுந்திருக்கவில்லை. மந்திரவாதி செத்த பிறகும் ஒரு பத்து நிமிடம் படம் இருக்கிறது. ராணி கல்லுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிப் போய், அதை மடியில் வைத்துக்கொண்டு தானும் கல்லாகிவிடுகிறாள். டப்பாவில் கிடந்த பெரிய சுருள் அதுதான்.

நம்பாமல், பிள்ளை கல்லாகும் இடத்தைத் திரும்பப் பார்க்கலாம் என்று விரலால் பின்னுக்கு இழுத்தேன். போன் கண்ணாடிக்கு உள்ளே ராணியின் கண்ணீர் மேலே போனது. புகை சட்டிக்குள் போனது. அவன் பின்பக்கமாக நடந்தான். நான் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் என்னம்மா என்று கேட்டாள். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மெஷினை மாமா எப்படிப் பின்பக்கமாக ஓட்டினாரோ தெரியாது. வெட்டினதை அதற்கு முந்தின துண்டோடு ஒட்டி, பெல்ட்டைத் திருப்பி மாட்டியிருப்பார். கேட்க அவர் இல்லை. அம்மாவும் இல்லை. ஆனால் புகை சட்டிக்குள் போவதைப் பார்த்த அம்மாவுக்கு அது என்ன என்று தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் சரி என்றாள். வயிற்றில் இருந்த பிள்ளைக்காகத்தான் அவள் அவ்வளவு பிடிவாதமாக வந்தாள் என்று அன்று நினைத்தேன். அவள் வந்தது ஆற்றுப் பக்கம் போன பிள்ளைக்காக.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் மாமா இரண்டு சுருளையும் இருந்த இடத்தில் ஒட்டிப் பெட்டியில் வைத்தார். படப் பெட்டி அடுத்த கொட்டகைக்குச் சின்னசேலம் பஸ்ஸில் ஏறிப் போனது.