அலுமினியத்துக்குள் தண்ணீர்

எங்கள் மாப்பிள்ளை முனியராஜ், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் கதவில் வெள்ளைப் பெயின்ட்டால் 'ஆள் 1' என்று எழுதி வைத்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூமுக்குள்ளும் எத்தனை பேர் இருக்கலாம் என்று வாசலில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒருவர் நுழைந்தாலும் குற்றம். அவர் அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். சாத்தூரில் இருக்கும் வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். சமையலறைக்கு 'ஆள் 2'. குளியலறைக்கு மட்டும் எழுத வேண்டாம் என்று என் தங்கை அழகுமீனா கெஞ்சிக் கேட்டதால் விட்டுவிட்டார்.

அந்த 'ஆள் 1' அவள்தான். பட்டாசு டப்பாவில் இப்போதெல்லாம் கியூஆர் கோடு அச்சடிக்கிறார்கள். போனைக் காட்டினால் அந்த வெடி வானத்தில் எப்படி விரியும் என்று படம் ஓடும். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் செய்வது அழகுமீனாவின் தொழில். இதுவரை டப்பா அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸுக்குக் கீழே செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த சீசனுக்குத்தான் முதல்முறையாக ஒரு பெரிய கம்பெனி அவள் பேரிலேயே ஆர்டர் கொடுத்திருந்தது. பட்டாசு வியாபாரம் தொடங்கும் ஆடிப்பெருக்குப் பூஜைக்குள் எல்லாப் படமும் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆர்டர் பிரஸ்ஸுக்கே திரும்பிவிடும்.

கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியவில்லை. வெயில் ஏறியதும் சூடாகி, தானாகவே அணைந்துவிடும். பாதி விரிந்த பூவோடு திரை கறுத்துப்போகும்.

விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தருண்குமாரிடம் மாப்பிள்ளை, அழகுமீனா, நான் மூவரும் போனோம். தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டைக் குறைக்கலாம் என்றான். அதற்கு இரண்டு வழி. பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து, தண்ணீரும் நிரப்பி அடைத்தே வருவது ரெடிமேட். மாட்டினால் முடிந்தது. இல்லையென்றால் ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, குழாயை நம் இஷ்டத்துக்கு வளைத்து, நாமே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"ஒங்களுக்கு ரெடிமேடே போதும்க்கா," என்றான். அழகுமீனா தலையாட்டிவிட்டாள். மாப்பிள்ளை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த ரேடியேட்டர் எதுல செஞ்சது?"

"அலுமினியம், அண்ணாச்சி."

மாப்பிள்ளை டப்பாவைச் சத்தம் வராமல் கவுண்டரில் வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அலுமினியத்துக்குள்ள தண்ணியா? அதுவும் சூட்டுல? ஏலே, வெளாடுறியா?"

அலுமினியப் பவுடர் கலந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும், கவனிக்காவிட்டால் பற்றிக்கொள்ளும். மழைக்கு ஒழுகிய ரூமில் மருந்து அப்படிப் புகைந்து பற்றியதை மாப்பிள்ளை கண்ணால் பார்த்தவர். ஆட்களைத் துரத்திவிட்டுக் கடைசியாக ஓடி வந்ததில் அவர் முதுகு முழுக்கத் தழும்பு. அவருடைய கூட்டாளி கருப்பணன் வெளியே வரவில்லை.

பவுடர் வேறு, இது கெட்டித் தகடு, ஒன்றும் ஆகாது என்று தருண்குமார் பொறுமையாக விளக்கினான். மாப்பிள்ளையின் காது கேட்டுக்கொண்டது. முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒவ்வொண்ணா வரவழைச்சு முழுக்கச் செம்புல போட்டுக் குடு. லேட்டானாலும் பரவால்ல."

"எம்புட்டு லேட்டாகும்?" என்றாள் அழகுமீனா. தருண்குமார் மின்விசிறியைப் பார்த்தான்.

முதலில் செம்பு ரேடியேட்டர் வந்தது. மாப்பிள்ளை அதைச் சுரண்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். பிறகு தவறான குழாய் வந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு தவறான குழாய் வந்தது. பம்பு வரவேயில்லை. ஆனி பாதி போய்விட்டது. அழகுமீனா விடியுமுன் எழுந்து, வெயில் ஏறும்வரை வேலை பார்த்துவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் கறுத்த திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்குப் போன் செய்து அழுதாள். அவள் சாமானியமாக அழுகிற ஆளில்லை.

"எம்பேருல வந்த ஆர்டருண்ணே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே விருதுநகர் போய் அந்த ரெடிமேட் டப்பாவை வாங்கினேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தருண்குமார் வந்து மாட்டிக்கொடுத்தான். அந்த அறைக்குள் அப்போது நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யாரும் கதவைப் படிக்கவில்லை.

'ஆள் 1' என்று எழுதியவர் அதை மீற மாட்டார் என்பதால் ரகசியம் பத்திரமாக இருந்தது. காபியைக்கூட வாசலில் நின்றேதான் நீட்டுவார். படங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன.

ஆடிப்பெருக்கு நெருங்கும்போது ஒருநாள் இடி இடித்தது. இடி இடித்தால் கம்பெனியில் வேலையை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை மத்தியானமே வந்துவிட்டார். அன்று அங்கே போயிருந்த நான் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழகுமீனா சமையலறையில் இருந்தாள். கம்ப்யூட்டர் அறையில் ஆள் இல்லை. எனவே சட்டப்படி உள்ளே நுழைந்தார்.

"மீனா, பம்பு வந்துருச்சா?"

அவள் ஈரக் கையோடு போய் வாசலில் நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லைங்க. இது ரெடிமேடு. அலுமினியந்தான். ஆனியிலருந்து ஓடுது." பிறகு குரல் இறங்கியது. "கடைசிப் படம் ஓடிக்கிட்டிருக்கு. அணைச்சிராதீக."

மாப்பிள்ளை குழாயைத் தொடக் கையை நீட்டினார். இழுத்துக்கொண்டு மறுபடி நீட்டித் தொட்டார். வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும்.

"அம்புட்டு நாளும் இது பக்கத்துல நீ ஒத்தையிலயா உக்காந்திருந்த?" என்றார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவர் அணைக்கவில்லை. வெளியே வந்து பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். கதவில் இருந்த 1-ஐ அழித்துவிட்டு 2 என்று எழுதினார். பெயின்ட் காயும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அவளுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.