யாரும் பிடிக்காத பாஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாஸ்கெட்பால் என் முகத்தில் வந்து மோதியது. மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டு. மூக்கு ஒரே துண்டாகத்தான் இருக்கிறது... எழுபத்து நான்கு வயதில் அதுவே பெரிய விஷயம்.

இடம், திருவொற்றியூரில் ஒரு சிமென்ட் மைதானம். சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மித்ரா என்ற பெண் பந்தை எறிந்தாள் — எனக்கு அல்ல, எனக்கு முன்னால் ஓடிவந்த அவள் அணித் தோழி ஜென்சிக்கு. ஜென்சி கையை நீட்டினாள். பந்து அவள் விரல்களுக்கு நடுவே நழுவி, நேராக என்னிடம் வந்தது.

இதில் தப்பு யாருடையது?

மிகச் சாதாரணமான கேள்வி. இதை நான் இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய காலேஜ் சீட் கிடைக்காமல் போனது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு விளையாட்டு வீராங்கனையின் எதிர்காலத்தை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணித்துச் சொன்னேன் என்று இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். பெயரை மட்டும் நாகரிகமாக மறைத்திருந்தேன். சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினீர்கள். அந்தப் பாராட்டுகளைத் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான்.

மித்ராவின் முழுப்பெயர் சங்கமித்ரா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. பதினேழு வயது, ப்ளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா ரயில்வே யார்டில் தினக்கூலி. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மித்ரா ஆடுவது பாயின்ட் கார்டு — அதாவது அணிக்கு டிரைவர் மாதிரி. பந்தை முன்னே கொண்டுபோய், யாருக்கு எப்போது தர வேண்டும் என்று முடிவெடுக்கிற ஆள்.

ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு பாயின்ட் கார்டுக்கு இடம். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். கடைசிப் பட்டியலில் மித்ராவும் வேறு ஊர்ப் பெண் ஒருத்தியும். தேர்வுக் குழுவில் என் பழைய மாணவர் ஒருவர் இருந்தார். போன் செய்தார்.

"சார், அட்வான்ஸ்டு ஸ்டாட்ஸ் பத்தி அவ்வளவு எழுதறீங்களே. ரெண்டு பேரையும் பார்த்து ஒரு ரிப்போர்ட் குடுங்களேன்."

புள்ளியியல் புரொபசராக ஓய்வு பெற்று பதினாறு வருடம் ஆகிறது. யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காத்திருந்தவனிடம் இப்படிக் கேட்டால்?

அந்த வேறு ஊர்ப் பெண்ணின் கிளப்பிலிருந்து கம்ப்யூட்டரில் அடித்த அட்டவணை வந்தது. மித்ராவின் கிளப்பிலிருந்து எட்டு நோட்டுப் புத்தகங்கள் வந்தன. எழுதியவர் அந்தோணி. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவதுதான் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஆக ஐந்து. ரிட்டயர் ஆன பிறகு இறங்க மூட்டை இல்லை. அதனால் பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு ஸ்கோர் எழுத வந்துவிட்டார்.

நோட்டைக் கொடுக்கும்போதே அந்தோணி சொன்னார்: "ஒரு மேட்ச் வந்து பாரேன் புரொபசரு. பொண்ணு பந்தைப் போட்டா காத்து மாதிரி கீது."

"வேணாம் அந்தோணி. பார்த்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நம்பர் போதும்."

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நான் சொன்ன வசனம் ஒன்று உண்டு. கண்ணுக்குப் பாசம் உண்டு, எண்ணுக்குக் கிடையாது. மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். உண்மையான காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அது மே மாதம். என் அறையில் ஏசி இருந்தது.

ரிப்போர்ட் எழுதினேன். சக வீராங்கனை உங்கள் பாஸை வாங்கிக் கூடை போட்டால் உங்களுக்கு ஒரு அசிஸ்ட். பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தாலோ, கோட்டுக்கு வெளியே போகவிட்டாலோ ஒரு டர்ன்ஓவர். பாயின்ட் கார்டை எடைபோட இந்த இரண்டின் விகிதம் முக்கியம். மித்ராவின் டர்ன்ஓவர் கட்டத்தில் கோடுகள் வேலி போல நின்றன. நான் அதோடு விட்டேனா? ஆடிய நிமிடங்களுக்கு ஏற்பத் திருத்தினேன். எதிரணியின் பலத்துக்கு ஏற்பத் திருத்தினேன். இருபத்திரண்டு வயதில் அவள் எப்படி ஆடுவாள் என்று வளைகோடு வரைந்தேன். பதினோரு பக்கம், நான்கு வண்ணப் படம்.

கடைசி வரி: "பந்தைக் காக்கும் பொறுப்பு குறைவு, மேலே வளர்வதற்கான இடமும் குறைவு."

அந்த வரியை நான்கு முறை மாற்றி எழுதினேன். கருத்துக்காக இல்லை — ஓசைக்காக.

சீட் அந்த வேறு ஊர்ப் பெண்ணுக்குப் போனது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். "சீட்டுதான் போச்சு. அவ ஆடறதையாச்சும் ஒரு தபா பாரு" என்று அந்தோணி என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தார். பந்து முகத்தில் பட்டதும் அவர் முதலில் நோட்டில் ஒரு கோடு போட்டார். பிறகுதான் "அடி பட்டுச்சா?" என்று கேட்டார். தொழில் பக்தி.

கண்ணாடி இல்லாமல் நோட்டை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். கோடு மித்ராவின் வரிசையில் இருந்தது.

"அந்தோணி, பந்தை விட்டது ஜென்சிதானே? கோடு ஏன் மித்ராவுக்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா புரொபசரு, இது தெரியாதா? கிரேன்ல மூட்டை எறங்குது. வாங்குறவன் லாரியில போய் குந்தற வரிக்கும் அது யார் சரக்கு? அனுப்புனவன் சரக்கு. நடுவுல வுழுந்தா அவன் பேர்லதான் எழுதணும். நாப்பது வருசமா அப்டித்தான் எழுதிகினு வரேன்."

"எல்லா மேட்ச்லயுமா?"

"பின்ன? ஆளுக்கு ஒரு நாயமா?"

அது ஹார்பர் சட்டமா, அந்தோணி சட்டமா, எனக்குத் தெரியாது. பாஸ்கெட்பால் சட்டம் இல்லை என்பது மட்டும் தெரியும். கைக்கு வந்த நல்ல பாஸை நழுவவிட்டால், அது நழுவவிட்டவர் கணக்கு. அவர் மேல் கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

"அதான் பக்கத்துல ரிமார்க்ஸ் போட்டுக்கீறேனே. யார் வுட்டது, ஏன் வுட்டதுன்னு. நீ படிக்கலியா?"

படிக்கவில்லை.

எட்டு நோட்டிலும், ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும், பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நான் அந்த ஓரத்தை விட்டுவிட்டேன். எழுத்தைக் கூட்ட முடியாது, வகுக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று சாயங்காலம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்தேன். "ஜென்சி கை." "ஜென்சி கை." "ரோசி பாக்கல." "பாஸ் நல்லா வந்துச்சு, ஆள் வரல." "மறுபடி ஜென்சி." ஆறாவது நோட்டில் ஓர் இடம்: "இப்டி ஒரு பாஸ் நான் பாத்ததில்ல. யாரும் புடிக்கல." அதற்கும் மித்ரா பேரில் ஒரு கோடு போட்டிருந்தார். நேர்மையான மனிதர்.

கோடுகளை உரியவர்கள் பேருக்கு மாற்றி மறுபடி கணக்குப் போட்டேன். என் வளைகோடு கீழே இருந்து எழுந்து மேலே போனது. அவள் பந்தைத் தொலைக்கவில்லை. மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்துவிடுகிறாள், கை தயாராவதற்கு முன்பே பந்து வந்துவிடுகிறது. அவள் திறமை எங்கே அதிகமாகத் தெரிந்ததோ, சரியாக அங்கேதான் நான் குற்றம் கண்டிருக்கிறேன்.

மாணவருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது சார். ஆனா அட்மிஷன் முடிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு ஹாஸ்டல்லயே சேர்ந்தாச்சு." பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "குழுவுல பாதிப் பேரு மித்ரா பக்கம்தான் இருந்தாங்க, ஆட்டத்தைப் பார்த்தவங்க. உங்க ரிப்போர்ட் வந்ததும் மாறிட்டாங்க. அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க சார்."

ஆயுளில் எனக்குக் கிடைத்த மிக மோசமான பாராட்டு அது.

திங்கட்கிழமை வியாசர்பாடிக்குப் போனேன். மூன்றாவது மாடி. மித்ராவும் அவள் அம்மாவும் இருந்தார்கள். டீ கொடுத்தார்கள். டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாமா, சொல்லிவிட்டுக் குடிக்கலாமா என்று குழம்பி, குடிக்காமலே சொல்லி முடித்தேன். அந்தப் பதினோரு பக்க ரிப்போர்ட் என்னுடையது, தப்பு என்னுடையது, ஓரத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை.

அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "பந்தை வுட்டுட்றா, அதான் சீட்டு வரலன்னு சொன்னாங்க சார். ரெண்டு நாளு நான் இவகிட்ட பேசல. அவங்க அப்பா, ஒழுங்கா ஆடியிருந்தா இந்நேரம் காலேஜுக்குப் போயிருப்பேன்னு திட்டிகினே இருந்தாரு."

வீட்டிலும் அவள் பேரில்தான் கோடு போட்டிருக்கிறார்கள். என்னை நம்பி.

மித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, நீ ஒரு மேட்ச்சாவது பாத்தியா?"

"அப்போ பார்க்கலம்மா."

"அப்பால இன்னாத்த பதினோரு பக்கம் எழுதுன?"

டீ டம்ளரை எடுத்து மறுபடி கீழே வைத்தேன். சும்மா இருக்க முடியாமல், "நீ அந்த மாதிரி பாஸ் போடறதை மட்டும் நிறுத்திடாதே" என்றேன்.

"நான் எங்க நிறுத்துனேன்? நேத்து உன் மூஞ்சில வந்து வுழுந்துச்சே, அது இன்னா?"

அம்மா "ஏய்" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. மாத்தூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அடுத்த வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறாளாம். ஷிப்ட் முடிந்து வந்து ஆடுவாளாம். அதற்கு உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட என்னால் முடியும். போடவில்லை.

என்னால் ஆனது, பாஸ்கெட்பால் அணி வைத்திருக்கும் ஆறு கல்லூரிகளுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதினோரு பக்கம் இல்லை, வளைகோடு இல்லை. "ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூருக்கு வந்து, ஒரு பெண் ஆடுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். நான் பார்க்காமல் எழுதியதால் அவளுக்கு ஒரு வருடம் போய்விட்டது." அவ்வளவுதான். இதை எழுதும்வரை யாரும் பதில் போடவில்லை.

நேற்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படி சார் உடைஞ்சது என்று கேட்டார்.

"பாஸ் நல்ல பாஸ்தாங்க. பிடிக்க வேண்டியவங்க பிடிக்கல."