ங்க வண்டி

தெருத் தெருவாக மரக்கறி விற்பவனுக்குக் கூச்சம் இருக்கக்கூடாது. எனக்கு இருக்கிறது. நாவுலயில் மரக்கறி எடுத்து ஆட்டோவில் மாத்தளைப் பக்கம் கொண்டு வருவேன்; "தக்காளி" என்று கத்த மட்டும் வாய் வராது. அதனால் வீட்டுக்குள் இருந்தபடி கைத்தொலைபேசியில் என் குரலைப் பதிந்து, ஆட்டோக் கூரையில் ஒரு பழைய ஹோர்ன் ஸ்பீக்கரைக் கட்டினேன். பதிந்ததைக் கேட்டுப் பார்க்கவும் கூச்சம். அப்படியே ஓட விட்டேன்.

"தக்காளி வாங்க, கத்தரி வாங்க" என்றது அந்த ஸ்பீக்கரில் "க்கர்ர்...ங்க, த்தர்ர்...ங்க" என்று வந்தது. என்ன மரக்கறி என்பது வழியில் தொலைந்துவிடும். மரியாதை மட்டும் முழுதாகப் போய்ச் சேரும். ஒருவரும் குறை சொன்னதில்லை. சத்தம் கேட்டதும் கூடையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகள் 'ங்க வண்டி' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

போன மாதம் எனக்குப் புத்தி வந்து, நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாட்டினேன். அன்றைக்கு ஆட்டோ நிறையக் கனிந்த தக்காளி. மறுநாள் வரை தாங்காது. முதல் சந்தில் மெல்லத்தான் வைத்தேன்; ஆட்டோ இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. பயந்துபோய் அடுத்த சந்தில் சத்தத்தைக் கூட்டினேன்.

முதலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு கடன் கேட்பது போல ஒரு குரல்: "தக்காளி... வாங்க..." அது நான்தான். அதற்குப் பின்னால், என்னைவிடப் பலமாக, என் மனைவி:

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்! என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளியிறீங்க!"

இத்தனை நாளும் அதுவும் சேர்ந்தே ஓடியிருக்கிறது. பழைய ஹோர்ன்தான் என் மானத்தைக் காத்திருக்கிறது. நிறுத்தப் போன விரல் எதையோ அழுத்த, முதலிலிருந்து மறுபடி ஓடியது.

இப்போது கதவுகள் திறந்தன. வழக்கமாக வாங்கும் ஓர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, பொண்ணு புடிச்சிருக்கா?"

"தக்காளி இருக்குங்க," என்றேன்.

"வேற யாரோன்னுல்ல உள்ளுக்கே இருந்தோம்! பழசையே போடுங்கண்ணே. அதுதான் எங்களுக்கு வெளங்கும்."

சிரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. தக்காளி தீர்ந்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த ஹோர்னை வழியிலேயே எடுத்துக் கட்டிவிட்டேன்.

"புது ஸ்பீக்கர்ல நல்லாக் கேட்டிச்சா?" என்றாள் மனைவி.

"ஒன் கொரல்தான் நல்லாக் கேட்டிச்சு" என்று சொல்ல நினைத்தேன்.

"கேட்டிச்சுங்க," என்றுதான் வந்தது.