குடியை விட்டவருக்குப் புதுக்கோட்டையில் என்ன கிடைக்கும்?

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் ஏறினோம். அழைப்பு அவருக்கு மட்டும்தான். அவரோடு படித்த ரவி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அதற்காக நண்பர்களுக்கு மதிய விருந்து. இடம், கீழ ராஜ வீதிப் பக்கம் ஓர் ஓட்டலின் மாடியில் இருக்கும் பார்.

"நீ எதுக்கு வர்ற?" என்றார்.

"துணி எடுக்க."

"என்ன துணி?"

"கடைக்குப் போயித்தான் பாக்கணும்."

அவருக்குத் தெரியாதா என்ன! சித்திரையில் குடியை விட்ட மனிதர். அதற்குப் பிறகு பாருக்குள் போய் உட்காரப் போவது இதுதான் முதல் தடவை. போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் ரவி. ஆனால் போன இடத்தில் பழையபடி ஆகிவிட்டால்? இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. வெறுங்கையோடு உட்கார்ந்தால், "கம்பெனி குடு மச்சான்" என்று ஊற்றிவிடுவார்கள். கையில் ஒரு கிளாஸ் இருக்க வேண்டும், அதில் இருப்பது பார்வைக்கு பிராந்தி மாதிரியும் இருக்க வேண்டும். மதியத்துக்குள் அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் எலுமிச்சை சோடா, உப்புப் போட்டது, இருபது ரூபாய். கண்ணெதிரே பழத்தை அறுத்துப் பிழிகிறார்கள். ஒரு மடக்கில் பஸ் அலுப்பு போய்விட்டது. நிறம்தான் வெறும் தண்ணீர்.

"ஜின்னுன்னு சொல்லிக்கலாம்" என்றார் இவர்.

"அந்தப் பேரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கோ?" என்று நான் கேட்டதும் சோடா வண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

அங்கிருந்து நடந்து பிருந்தாவனம் பக்கம் போனோம். புதிதாக வந்திருக்கும் ஒரு குளுகுளு கடையில் சாராயம் கலக்காத மொஜிட்டோ, நூற்றுப் பத்து ரூபாய். விலையைப் பார்த்ததும் பகீரென்றது. புதினாச் சட்னியில் சோடா ஊற்றினாற்போல் ஒரு பச்சை. வாயில் வைத்த பிறகு மனதை மாற்றிக்கொண்டேன். அவருடைய பங்கிலும் பாதி எனக்குள் போனது. நல்லதாக நாலு மடக்குக் குடிக்கத் திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும்.

தேடியது கடைசியில் விருந்து நடக்கும் ஓட்டலிலேயே அகப்பட்டது. கீழ்த்தளம் குடும்பத்தோடு சாப்பிடும் இடம், வாசலை ஒட்டி ஜூஸ் கவுண்டர். நன்னாரி சர்பத்தில் சோடா ஊற்றி நாற்பது ரூபாய். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அச்சு அசல் பிராந்தி! வாசனையோ கோயில் பிரசாதம் மாதிரி. எனக்கு நிலைகொள்ளவில்லை. பரிமாறுகிறவர் முத்தையா, நரைத்த மீசைக்காரர். அவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"செவப்புச் சட்டை போட்டவருக்கு மட்டும் இதக் கொண்டுபோய்க் குடுங்கண்ணே. பார் கிளாஸ்லயே ஊத்திருங்க. யாருக்கும் தெரியக் கூடாது."

"விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் மாடி ஏறினார். நான் கீழே ஒரு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முத்தையா இறங்கி வந்தார். தட்டில் நன்னாரி கிளாஸ் அப்படியே இருந்தது.

"என்னண்ணே, குடிக்கலையா?"

"வேணாங்கிறாருக்கா. ரோஸ் மில்க் கேக்குறாரு."

"பார்லயா?"

"பார்லதான். எட்டுப் பேரு டேபிள்ல!"

கவுண்டரில் உயரமான கிளாஸில் ஊற்றினார்கள். கல்யாண வீட்டு ரிப்பன் நிறம், மேலே ஐஸ் மிதக்கிறது. மறைக்க நினைத்தாலும் மறையாது. முத்தையா அதை ஏந்திக்கொண்டு படியேறினார். மறு நிமிடம் மேலே கொல்லென்று ஒரு சிரிப்பு. எழுந்துபோய் இவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாமா என்று இருந்தது.

முத்தையா வந்து சொன்னார்: "கேலி தாங்கலக்கா. ஒருத்தரு, 'பாப்பாவுக்கு ஸ்ட்ரா வேணுமா'ன்னாரு. ஒங்க வீட்டுக்காரரு அசரவே இல்ல. 'நான் விட்டுட்டேன்டா. விட்டவன் இதத்தான் குடிப்பான். மாப்ள ரவிய வழியனுப்ப வந்தேன், அனுப்பிட்டுத்தான் போவேன்'னாரு. அந்த ரவிங்கிறவரு எந்திரிச்சு, பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டாரு. அப்புறம் எவனும் கேலி பண்ணல."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்த நன்னாரியை நானே எடுத்துக் குடித்தேன். அதைப் போல ஒரு சர்பத்தை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

மூன்று மணிக்கு இறங்கி வந்தார், மீசையில் ரோஸ் நிறம் ஒட்டிக்கொண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"நன்னாரிக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சலே இல்ல. அந்தக் கலரு, அந்தக் கிளாஸு, பாத்ததுமே கை தானா நீளுது. அதக் கையில வச்சிருந்தா அடுத்த ரவுண்டுக்கு நெசத்தையே கேட்டிருப்பேன். அதான்."

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எங்கே கொண்டுபோய் விடப் பார்த்தேன்! நல்லவேளை, மனிதர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். இந்த ஊரில் பிராந்தி நிறத்தைத் தேடி நான் அலைந்தது வீண். உங்கள் வீட்டில் யாராவது நிறுத்தியிருந்தால் புதுக்கோட்டைக்கு வாங்க. உப்பு சோடாவோ ரோஸ் மில்க்கோ, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வாங்கிக் கொடுங்க.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஊர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "வீட்டுக்காரருக்கு ஒடம்பு முடியலையாம்மா?" என்றார். இத்தனை வருஷமும் விருந்து முடிந்து வருகிற பஸ்ஸில் இப்படிக் கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சல் என்று பொய் சொல்லி, ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்தவள் நான்.

"காய்ச்சலெல்லாம் இல்லங்க. பார் பார்ட்டிக்குப் போயிட்டு வாராரு" என்று கண்டக்டர் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.