றீஸ் ஜோன்ஸ் ஆற்ற பெடியன்?

வோபர்னில் கார் ஓட்டப் பழக்கும் ஜெயரட்ணத்திடம் பழகியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். மனிதர் பழக்கிய நேரத்தை விட விசாரித்த நேரம்தான் கூட. இடது பக்கம் திரும்பச் சிக்னல் போடச் சொல்லிவிட்டு, "தம்பி, ஊரில எவடம்?" என்று தொடங்குவார். "ஆற்ற பெடியன்?", அதாவது யாருடைய மகன் என்பது அடுத்த கேள்வி. மார்க்கம் றோட்டுச் சந்தியில் பச்சை விளக்கு விழுந்து, பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தாலும், அந்தப் பெடியனின் தாய்மாமன் எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்று தெரியாமல் காரை நகர விடமாட்டார்.

இதனால் அவருக்கு இன்னொரு உத்தியோகம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. கலியாணம் பேசுகிறவர்கள் யூனியன்வில்லில் இருந்தெல்லாம் போன் எடுப்பார்கள். "ஜெயரட்ணம் அண்ணை, உந்த மாப்பிள்ளை பக்கத்தை ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." அண்ணை விசாரிப்பார். விசாரித்ததைச் சொல்லுவார். கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். நவரட்ணத்தின் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம், மாப்பிள்ளையின் அப்பப்பா இரண்டு பெண்சாதி, இரண்டு வீடு வைத்திருந்தவர் என்று இவர் கண்டுபிடித்துச் சொன்னதால் குழம்பிப்போனது. அன்றிலிருந்து நவரட்ணம் இவரைக் கண்டால் மற்றப் பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுவார். "நான் என்ன பொய்யே சொன்னனான்?" என்பார் ஜெயரட்ணம். கொஞ்சமாவது வருத்தம் இருக்க வேண்டுமே, கிடையாது.

இப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் நிரூபா. பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டும் மீன்குழம்பும் மேசைக்கு வந்த நேரம் பார்த்து, ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். பெயர் றீஸ் ஜோன்ஸ். லிஃப்ட் திருத்துகிற வேலை. இவரைத்தான் கட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தண்ணீர் குடித்தாள்.

தாய் பாலேஸ்வரி ஒப்பாரி வைப்பாள் என்று மகள் பயந்திருந்தாள். பாலேஸ்வரியோ பெடியனின் கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், கோப்பையில் இன்னும் இரண்டு அகப்பை புட்டைப் போட்டாள். "சாப்பிடும் தம்பி, உப்பிடி மெலிஞ்சுபோய் இருக்கிறீர்."

ஜெயரட்ணமும் துள்ளிக் குதிக்கவில்லை. "வெள்ளையோ கறுப்போ, எனக்கு அது பிரச்சினை இல்லை," என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பிறகு செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நீர் யாருடைய மகன்?

தகப்பனின் பெயருக்கு மேல் றீஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் நடக்கப் பழகுமுன்னமே தகப்பன் செத்துப்போனார். தாய்தான் பார்க்டேலில் ஒரு பழைய அப்பார்ட்மெண்டில் வைத்து வளர்த்தாள். அவளும் இப்போது இல்லை. தகப்பனுடைய ஆட்கள் வேல்ஸில் இருந்து வந்தவர்கள் என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறாள்.

"அப்பப்பான்ர பேர்?"

"தெரியாது, அங்கிள்."

ஜெயரட்ணம் வாய்க்குக் கொண்டுபோன புட்டைத் திரும்பக் கோப்பையில் போட்டார். குடிக்கிறவன் என்றாலும் பரவாயில்லை, களவெடுத்து மறியலுக்குப் போனவன் என்றாலும் கதைத்துப் பார்க்கலாம். அப்பப்பாவின் பெயர் தெரியாதவனை என்ன செய்வது? "விசாரிக்காமல் நான் எப்பிடியடி ஓம் எண்டு சொல்லுறது?" என்று மகளைப் பார்த்துக் கத்தினார்.

"அப்போ விசாரியுங்கோ," என்றாள் நிரூபா. "பட் லிசின் அப்பா. நீங்கள் மனசார ஓம் எண்டாக் கோயில்ல கலியாணம். இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் சிற்றி ஹோலில சைன் வைச்சுப்போட்டு வான்கூவருக்குப் போயிடுவம். ஹி ஹாஸ் எ ஜொப் தெயர். நீங்கள் ஒண்டுக்கும் வரத் தேவையில்லை."

அவள் தகப்பனின் மகள்தானே, சொன்னால் செய்வாள். அது ஜெயரட்ணத்துக்கும் தெரியும். ஆனாலும் வீம்பு விடவில்லை.

வழி சொன்னவன் றீஸ். எச்சிலை ஒரு குப்பிக்குள் துப்பி அனுப்பினால், சொந்தக்காரர் யார் யார் என்று கம்பனிக்காரன் கண்டுபிடித்துச் சொல்லுவானாம். ஜெயரட்ணம் இதை முதலில் நம்பவில்லை. துப்பலில் குலம் கோத்திரம் தெரியுமென்றால், தான் இவ்வளவு காலமும் போனில் தொண்டை கிழியக் கத்தியது எதற்கு என்று அவருக்குக் கோபமே வந்தது. இருந்தாலும் பெட்டி வந்த அன்று பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். பாலேஸ்வரி சுடச்சுட வடையை நீட்ட, துப்பும்வரைக்கும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்றான் றீஸ். "பத்தியமோ?" என்று கேட்டுவிட்டு வடையைத் தானே கடித்தார் ஜெயரட்ணம். "இன்னும் கொஞ்சம் துப்பும். கோடு வரைக்கும் வரேல்லை. பொறும், நுரையைக் கணக்கில எடுக்கக்கூடாது."

பங்குனி மாதம் முடிவு வந்தது. வேல்ஸ் தேசத்தின் மேல் பச்சை பூசிய ஒரு படம். அதற்குக் கீழே இரத்த உறவுக்காரர்களின் பெயர்கள். மகளின் கம்ப்யூட்டரைப் பிடுங்கி மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஜெயரட்ணம் வாசித்தார். ஜோன்ஸ். ஜோன்ஸ். ஒரு டேவிஸ். திரும்பவும் ஜோன்ஸ். விரலால் தள்ளத் தள்ள ஜோன்ஸ் வந்துகொண்டே இருந்தான்.

அவர் முகம் இருண்டது. வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் பெரிய குடும்பம் என்று விட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தான் மூளை அப்படி ஓடாது. நமக்குக் கடைசிப் பெயர் என்றால் தகப்பன் பெயர். ஜெயரட்ணத்தின் லைசென்ஸில் அவருடைய தகப்பனின் பெயர், நிரூபாவின் லைசென்ஸில் ஜெயரட்ணம். கடைசிப் பெயர் ஒன்றாக உள்ள இருவர் பழக வந்தால், "சகோதரங்களோ?" என்றுதான் அவர் கேட்பார், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். வெள்ளைக்காரருக்குக் கணக்கு வேறு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இங்கே இரத்தமும் ஒன்று, பெயரும் ஒன்று என்று கம்பனியே எழுதித் தருகிறதே!

"இஞ்சேரப்பா," என்று குசினிக்குள் போய் மனைவியின் காதில் குசுகுசுத்தார். "உதெல்லாம் ஒரு ஜோன்ஸின்ர பிள்ளையள். ஆள் லேசுப்பட்டவன் இல்லை. ஊருக்கு ஊர் ஒரு வீடு வைச்சிருந்திருக்கிறான்."

"செத்துப்போன மனிசனை விடுங்கோவன்," என்றாள் பாலேஸ்வரி.

அந்தப் பெயர்களில் முதலாவதாக இருந்தது குவென் ஜோன்ஸ். மிக நெருங்கிய உறவு, தகப்பனின் சகோதரியாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த அன்றே றீஸ் அவளுக்கு எழுதியிருக்கிறான். அவளும் ஒஷாவாவில் இருக்கிறேன், பேசு என்று நம்பரை அனுப்பியிருக்கிறாள். பெடியன் அந்த நம்பரை வைத்துக்கொண்டு நாட்கணக்காகத் திரிகிறான். ஏன் எடுக்கவில்லை என்று ஜெயரட்ணம் அதட்டிக் கேட்க, அவன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவ என்னை வேண்டாமெண்டு சொன்னா என்ன செய்யிறது, அங்கிள்? பிறகு எனக்கு ஒருத்தரும் மிச்சமில்லை."

ஜெயரட்ணத்துக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கொண்டாரும் இஞ்சை, உதெல்லாம் என்ர வேலை," என்று போனை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டார். மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள்.

கதை ஆங்கிலத்தில் நடந்தது. ஜெயரட்ணத்தின் ஆங்கிலம் பிரேக் பிடி, கண்ணாடியைப் பார் என்று சொல்லிச் சொல்லிப் பழகியது, சுற்றி வளைக்காது. வணக்கம் சொன்ன கையோடு கேட்டார். "மேடம், உங்கட ஜோன்ஸுக்கு எத்தினை பெண்சாதி?"

நிரூபா தலையில் கையை வைத்தாள். மறுபக்கத்தில் இருந்து ஒரு கிழவியின் சிரிப்பு, இருமலோடு சேர்ந்து வந்தது.

அந்தக் காலத்தில் வேல்ஸில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை என்றாள் குவென். அப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிறகு மாறாத பெயர் ஒன்று வேண்டும் என்ற காலம் வந்தது. யாருக்கெல்லாம் அப்பன் ஜோனோ, அவர்களெல்லாம் ஜோன்ஸ் ஆகி அப்படியே நின்றுவிட்டார்கள். "நாடு நிறைய ஜோன் இருந்தான், ஐயா. அதில் முக்கால்வாசி ஜோன்ஸ் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை. றீஸுக்கு நாலு பக்கத்தாலும் வேறு வேறு ஜோன்ஸ் வந்து சேர்ந்திருப்பான்."

"ஐயோ, எங்கட மாதிரியல்லோ!" என்று தமிழில் கத்திவிட்டார் ஜெயரட்ணம். ஊர் ஊராக வீடு வைத்த மன்மதன் ஒரே நொடியில் மறைந்துபோனான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரம்பரை சுத்தம்!

"ஆனால் என்னுடைய அப்பா அப்படித்தான்," என்றாள் குவென். "எனக்கு நாலு வயதில் அம்மாவையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார். பார்க்டேலில் இன்னொரு குடும்பம். றீஸின் அப்பா அங்கே பிறந்த பிள்ளை. ஒரு தம்பி இருக்கிறான் என்று எனக்கு எப்போதோ தெரியும். போய்ப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம். அவன் செத்ததையே றீஸ் எழுதித்தான் அறிந்தேன்."

பாலேஸ்வரிக்கு ஆங்கிலம் போதுமான அளவு விளங்கும். கணவன் பக்கம் சரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வீடு. உதைச் சொல்லித்தானே நவரட்ணத்தாற்ற பெட்டையின்ர கலியாணத்தைக் குழப்பினீங்கள்?"

ஜெயரட்ணம் மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். நிரூபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கெஞ்சவுமில்லை, போவதென்று முடிவெடுத்துவிட்ட முகம். றீஸ் ஒருவரையும் பார்க்கவில்லை. கண்டறியாத தம்பிக்காக அழுகிற அந்தக் குரலைக் கேட்டபடி போனுக்குக் கிட்டக் கிட்டக் குனிந்துகொண்டிருந்தான்.

"மன்னிக்கவேண்டும்," என்றாள் குவென், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவ்வளவும் சொல்லிவிட்டேன். நீங்கள் அவனுக்கு என்ன உறவு?"

"மாமா," என்றார் ஜெயரட்ணம். தான் சொன்னது தனக்கே கேட்டுத் திடுக்கிட்டார். நிறுத்த முடியவில்லை. "பொம்பிளையின்ர தேப்பன். ஆனியில கலியாணம். நீங்கள் அவனுக்கு அத்தை முறை. மாப்பிள்ளை பக்கத்தில ஆள் வேணும், நீங்கள்தான் வந்து நிக்கவேணும்."

குவென் இருமினாள். "என் அப்பா செய்துவிட்டுப் போனதற்குப் பிறகு, எந்த முகத்தோடு நான் அங்கே வந்து நிற்பது?"

"அந்தாள் செய்ததுக்கு இந்தப் பிள்ளையள் என்ன செய்யுங்கள், மேடம்?" என்றார் ஜெயரட்ணம். மனைவியின் பக்கம் திரும்ப அவருக்குத் துணிவு வரவில்லை. "பெடியன் தனிய நிக்கிறான். வாங்கோ."